கரைப்பட்டு ஏரி வற்றிய நாள்

போன வாரம் பூங்குழலி வீட்டுக் குடத்துக்குள் மூன்றாவது தடவையாக விரால் துள்ளியதோடு நிறுத்தியிருந்தேன். "பேயா, பித்தலாட்டமா, ஒரு வார்த்தை சொல்லித் தொலைய வேண்டியதுதானே?" என்று உங்களில் பாதிப் பேர் என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள். அந்தச் சமையலறைக்குள் போக எனக்கே இப்போதெல்லாம் கால் கூசுகிறது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வரி. கரைப்பட்டு, மாதனூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஏரிக்கரை ஊர். இங்கே விடியற்காலையில் ஏரியில் வலை இழுக்கிற ஆள்தான், குளித்து முழுகி, கம்பெனி பஸ் பிடித்து ஆம்பூர்ப் பக்கம் ஷூ தைக்கப் போவான். கார்த்திகை மாதம் மழை கொட்டிய ஒருநாள், பரிசலில் ஏரிக்குள் போன பூவரசன் திரும்பி வரவில்லை. ஆளும் இல்லை, பரிசலும் இல்லை. தையல் செக்‌ஷனில் வேலை பார்க்கும் அவன் மனைவி பூங்குழலியும், எட்டாவது படிக்கும் மகள் மோனிஷாவும் அன்றிலிருந்து வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

கரைப்பட்டில் வலையில் விழும் முதல் மீனை யாரும் விற்பதில்லை. அதன் பக்கவாட்டு றெக்கையில் ஒரு கிள்ளு கிள்ளி, உயிரோடு கொண்டுவந்து வீட்டுக் குடத்தில் விட வேண்டும். அதற்குப் பெயர் வீட்டு மீன்; வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். கிள்ளிய மீனைத் திருடன்கூடத் தொடமாட்டான். பூவரசன் ஒருநாளும் இதைத் தவறவிட்டதில்லை. அவன் போன பிறகு மார்கழி, தை, மாசி என்று மூன்று அமாவாசையிலும் அந்த வீட்டுக் குடத்தில் கிள்ளிய விரால் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. யார் விட்டது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. தண்ணீரில் போனவனுக்கு ஏரி வற்றும்வரை கருமாதி கிடையாது. அதுவரை அவன் உயிரோடு இருப்பதாகத்தான் கணக்கு. வற்றிய அன்றைக்கு எலும்பு கிடைத்தால் எலும்புக்கு, கிடைக்காவிட்டால் ஏரி மண்ணில் உருவம் பிடித்து அதற்குக் கொள்ளி. விளக்கு வைக்கும் முன்னால் பெண்டாட்டி தாலியை இறக்கியாக வேண்டும்.

பங்குனி கடைசி; அந்த மாத அமாவாசை வர இன்னும் இரண்டு நாள். ஏரி வற்றிவிட்டது.

* * *

"குழலி, எழுந்தியா? தமுக்கு அடிச்சிட்டுப் போறான் பாரு" என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து நின்றாள் ராஜம்மாள்.

ராஜம்மாள் பூவரசனின் அக்கா. தாயில்லாத தம்பிகள் இரண்டு பேரையும் இடுப்பில் வைத்து வளர்த்தவள். வீட்டில் எல்லாரும் கூப்பிடுவதுபோல் பூங்குழலியும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவாள். இளைய தம்பி பரணிதரன் அவளோடுதான் இருக்கிறான். ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தங்கமான பையன் என்று ஊரில் பேர்.

"எழுந்துட்டேன் பெரியக்கா."

"இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. எனக்கு மட்டும் ஆசையாடி? அவன் பசியோட அலையறாண்டி. ராத்திரியெல்லாம் ஏரிப் பக்கம் தண்ணிய யாரோ கையால அளையற சத்தம் கேக்குது எனக்கு. அந்தப் பீச்சாங்கைப் பயல சாப்புடறதுக்கு மட்டும் சோத்தாங்கைக்கு மாத்தறதுக்குள்ள எத்தினி அடி அடிச்சிருப்பேன்? அந்தப் பாவமெல்லாம் இப்ப என்னத் தூங்க விடல."

ராஜம்மாள் மூக்கை உறிஞ்சினாள். பூங்குழலிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அந்த நாளைக் கடப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மோனிஷா சீருடை போட்டுக்கொண்டு வந்தாள். "அம்மா, நானும் ஏரிக்கு வர்றேன்."

"பரீட்சை வருது. ஸ்கூலுக்குப் போ."

"எங்க கிளாஸ் ஜன்னல்ல ஏரிதாம்மா தெரியும். எங்க போனா இன்னா?"

பூங்குழலி தலையை வாரிவிட்டு அனுப்பி வைத்தாள்.

* * *

கம்பெனி பஸ் அன்று காலியாகவே போனது. ஊர் முழுக்க ஏரிக்குள் இருந்தது.

ஏரியில் இறங்கும் நாள் என்றால் கரைப்பட்டில் திருவிழா மாதிரி. அடியில்லாத கூடைகளைச் சேற்றில் கவிழ்த்து, மேல் வாயில் கைவிட்டுப் பெண்கள் மீன் துழாவுவார்கள். பிள்ளைகள் சேறு பூசிக்கொண்டு கத்தும். கொக்கும் நாரையும் மனிதர்களுக்குச் சமமாக இறங்கி நிற்கும். இந்த வருஷம் ஒரு பறவைகூட இறங்கவில்லை. கரைமேல் இருந்த புளியமரத்தில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னாம்மா இது பேஜாரா இருக்குது" என்றார் கலீமுல்லா பாய். ஐஸ் பெட்டி வண்டியோடு ஆம்பூரிலிருந்து வந்த மீன் வியாபாரி அவர். "கெண்டை ஜாஸ்தி, கெளுத்தி ஜாஸ்தி. ஒரு விரால் வரல. இந்த ஏரிக்கு நான் வராத வருஷம் கிடையாது. சேறுன்னா விராலு, விராலுன்னா சேறு. அத்தினியும் எங்க போச்சு?"

விரால் என்றதும் எல்லாருடைய பார்வையும் பூங்குழலி பக்கம் போய்த் திரும்பியது. அவள் கரையோரமாக, புடவையைத் தூக்கிச் செருகியபடி சும்மா நின்றாள். அவள் மீன் பிடிக்க வரவில்லை.

தண்ணீர் மிச்சம் இருந்தது மதகுப் பள்ளத்தில் மட்டும்தான். ஏரியிலேயே ஆழமான இடம். மதகைத் திறந்துவிட்டதும் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியது. அந்தப் பக்கம் கூடை கவிழ்க்கப் போன பெண்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். மீன்களெல்லாம் அந்தப் பள்ளத்தை விட்டுச் சேற்றில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே ஓடி வந்தன. தண்ணீரை விட்டுக் கரைக்கு ஓடும் மீனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அவர்களும் அன்றுதான் பார்த்தார்கள்.

அப்புறம் கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது.

"பரிசலு" என்றான் பரணி. குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

கவிழ்ந்து கிடந்தது. நாலு ஆண்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கிப் போனார்கள். பள்ளிக்கூடப் பக்கம் மணி அடிக்காமலே பிள்ளைகள் சுவரோரம் வந்து நிற்பது தெரிந்தது.

பூங்குழலி இரண்டு கையாலும் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டாள். அடியில் அவன் இருந்தால் செத்துப்போனான். இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போனான். எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடவுளே, எதையாவது ஒன்றைக் காட்டிவிடு என்று மட்டும் கேட்டாள்.

பரிசலைப் புரட்டினார்கள்.

அடியில் யாரும் இல்லை. சேற்றுக்கு மத்தியில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. இடது கால் செருப்பு. பரணி அதை எடுத்துக்கொண்டு வந்து அண்ணிக்கு முன்னால் நின்றான்.

யாரும் அவளைக் கேட்க வேண்டியதே இல்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட கட்பீஸ் தோலில் அவள் கையால் தைத்த செருப்பு அது. வார் பிய்ந்துவிடக் கூடாதென்று ஒன்றுக்கு இரண்டாக ஓட்டிய தையல் அப்படியே இருந்தது. இத்தனை மாதம் தண்ணீரில் கிடந்த தோல் ஊறி உப்பியிருக்க வேண்டும். அது நேற்றுக் கழற்றிப் போட்டதுபோல் இருந்தது.

"போதும்" என்றாள் ராஜம்மாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது; குரல் மட்டும் ஆடவில்லை. "செருப்பு இருக்குது, பரிசலு இருக்குது. ஆளு எங்க போயிருப்பான்? மண்ண எடுங்கப்பா."

"பெரியக்கா, ஒரு நாள்..."

"ஒரு நாள்னா? இன்னிக்கு விட்டா இனி அடுத்த வருஷம் ஏரி வத்தறப்பதான். அவன் அதுவரைக்கும் அலையணுமா? விளக்கு வெக்கறதுக்குள்ள முடியணும் குழலி. அந்தச் செருப்ப வீட்டுக்குள்ள கொண்டாராத. இங்கியே போட்டுடு."

பூங்குழலி செருப்பைக் கரையில் வைத்துவிட்டு நடந்தாள். பள்ளிக்கூடச் சுவரோரம் மோனிஷா நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் சிநேகிதி ஜோயா அவள் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். பிள்ளை அழவில்லை. அம்மாவைப் பார்க்காமல் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

சாயங்காலம் வாசலில் பந்தல்கால் நட்டு, பலகையில் ஏரி மண்ணைக் குழைத்து உருவம் பிடித்தார்கள். கை, கால், தலை. தலைக்குக் கண் வைக்கலாமா கூடாதா என்று பெரியவர்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம்கூட நடந்தது.

பூங்குழலி பின்பக்கம் போனாள். கிணற்றடியில் பரணி சேறு கழுவிக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிரும்வரை காத்திருந்தாள்.

"பரணி, இனிமே குடத்துல மீன் வெக்காத."

வாளி அவன் கையிலிருந்து நழுவிக் கிணற்றுக்குள் போய் விழுந்தது.

"அண்ணி..."

"மொத மீனுலயே எனக்குத் தெரியும். உங்க அண்ணன் பீச்சாங்கை. மீன சோத்தாங்கையில அமுக்கிப் புடிச்சி, பீச்சாங்கையால எடது றெக்கையத்தான் கிள்ளுவாரு. நீ வலது றெக்கையக் கிள்ளி வெச்சிருந்த. பதினாலு வருஷம் அவரு கொண்டாந்த மீன ஆஞ்சவ நான். எனக்குத் தெரியாதா?"

பரணி கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். "அப்பவே கேட்டிருக்கலாமே அண்ணி."

"எப்படிக் கேக்கறது? அப்பா போனதுலேர்ந்து ஒரு வாய் சோறு எறங்காத புள்ள, அன்னிக்குதான் 'அப்பா வந்துட்டுப் போயிருக்காரும்மா'ன்னு வயிறாரச் சாப்ட்டா. நான் கேட்டா அவ தட்ட யாரு ரொப்பறது?"

"அதுக்குத்தான் அண்ணி வெச்சேன். ஆம்பூர் மார்க்கெட்டுல உசுரோட வாங்கியாந்து வெச்சேன். சாமி சத்தியமா வேற எதுவும் இல்ல." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மோனிஷா என்னப் பாத்து, 'சித்தப்பா, அப்பா எனக்குப் புடிச்ச மீனத்தான் வெச்சாரு'ன்னு சொன்னப்ப செத்துடலாம்னு இருந்துச்சி."

"அழாத. நல்லதுக்குத்தான் செஞ்ச. ஆனா இன்னியோட போதும். எனக்கும் பொய்யிலயே குடித்தனம் நடத்தி அலுத்துப்போச்சி. மூணு மீனு போதும்டா."

பரணி நிமிர்ந்து பார்த்தான். "மூணு இல்ல அண்ணி. ரெண்டுதான்."

"இன்னா?"

"மார்கழிக்கு வெச்சேன், தைக்கு வெச்சேன். மாசிக்கு நான் வெக்கல. அன்னிக்கு எனக்கு நைட் ஷிப்ட். விடிஞ்சி பஸ்ஸுல வந்து எறங்கறேன், நீங்க காபி குடுத்துட்டு, 'குடத்துல மறுபடியும் வந்திருக்குது'ன்னு சொன்னீங்க. நீங்கதான் என்னிய மாதிரியே புள்ளைக்காக வெச்சிருக்கீங்கன்னு இத்தினி நாளா நெனைச்சிட்டு இருக்கேன்."

பூங்குழலிக்கு நினைவு வந்தது. காபி கொடுத்தது உண்மை. அந்த மூன்றாவது மீனின் றெக்கையை அவள் பார்க்கவில்லை. அவள் வருவதற்குள், இதையாவது வெட்டக் கூடாதென்று மோனிஷா அதைத் தூக்கி இதே கிணற்றில் விட்டிருந்தாள்.

இருவரும் ஒரே நேரத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. வாளி மிதக்கவும் இல்லை.

"நீ வாசலுக்குப் போ" என்றாள் பூங்குழலி. "பெரியக்கா தேடப் போறாங்க."

* * *

அவள் பின்கதவு வழியாக உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். கதவின் ஓரத்தில் அந்தச் செருப்பு இருந்தது. சுத்தமாகக் கழுவி, சுவரில் சாய்த்து வைத்திருந்தது. மோனிஷாவின் வேலைதான், வேறு யார்? பெரியக்கா கண்ணில் பட்டால் ஆகாதே என்று நினைத்தாள். ஆனாலும் எடுத்துப்போட மனம் வரவில்லை. தொண்டை வறண்டிருந்தது. குடத்தின் மூடியைத் திறந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். மறுபடி மூடிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் பரணி பந்தல்காலோரம் உட்கார்ந்திருந்தான். மோனிஷா முன்படியில் கன்னத்தில் கைவைத்து மண் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜம்மாள் தாம்பாளத்தில் மஞ்சளும் பாலும் எடுத்து வைத்திருந்தாள். வீட்டுக்குள் ஒரு ஈ காக்கை இல்லை.

"வந்து உக்காரு குழலி" என்றாள் ராஜம்மாள். இப்போது அவள் குரல் உடைந்திருந்தது. "அவன் குடிச்ச தண்ணிக் குடத்துலேர்ந்து ஒரு சொம்பு கொண்டாந்துடு. அதுல மஞ்சளக் கரைச்சி உன் தலையில ஊத்திட்டுத்தான் சரட எறக்கணும்."

பூங்குழலி திரும்பிச் சமையலறைக்குள் போனாள். முடிந்துவிட்டது என்று நினைத்தபோது மனதில் ஒரு நிம்மதிகூட வந்தது. அவன் செத்துப்போனான், விட்டுப் போகவில்லை. அந்த அளவுக்காவது மானத்தோடு வாழலாம். சொம்பை எடுத்தாள். குடத்தின் மூடியைத் தொட்டாள்.

உள்ளே எதுவோ தண்ணீரை அளைந்தது.

அவள் மூடியிலிருந்து கையை எடுத்தாள். மறுபடியும் ஒரு சத்தம்; எதுவோ அடியிலிருந்து மேலே வந்து மூடியைத் தட்டியது.

"பெரியக்கா" என்று கூப்பிட்டாள். கத்தியதாக நினைத்தாள், முணுமுணுப்புதான் வந்தது. ஆனாலும் ராஜம்மாள் வந்தாள். பின்னாலேயே பரணி வந்தான். மோனிஷா வாசற்படியில் நின்றாள்.

மூடியைத் திறந்தார்கள். விரால். முழங்கை நீளம், கறுகறுவென்று, வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"நான் இல்ல அண்ணி" என்றான் பரணி. "அமாவாசை கூட இல்லியே இன்னிக்கு."

ராஜம்மாள் குடத்துக்குள் கைவிட்டு மீனைத் தூக்கினாள். பழகிய கை, மீன் துள்ளவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு பக்கம் திருப்பினாள். வலது றெக்கை முழுசாக இருந்தது. இடது பக்கம் திருப்பினாள்.

றெக்கை ஓரத்தில் ஒரு கிள்ளு. புதுசு. இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"பீச்சாங்கை" என்றாள் ராஜம்மாள். அடித்து அடித்து அவள் மாற்றப் பார்த்த கை அது. மீனை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "எந்தம்பிடி இது. எந்தம்பி கிள்ளுனதுடி. ஏரியில ஒரு சொட்டுத் தண்ணியில்ல, ஊர்ல ஒரு விரால் மாட்டல. இத எங்கடி புடிச்சான்?"

வாசலிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். "ராஜம்மா, மண்ணு காயுது. சீக்கிரம்!"

"கொண்டுபோய் ஏரியிலியே கொட்டிட்டு வாங்கடா அந்த மண்ண!" என்று ராஜம்மாள் வீடே அதிரக் கத்தினாள். "வீட்டு மீன் கொண்டாந்து வெச்சவனுக்கு எவனாவது கொள்ளி வெப்பானா?"

தாலி தப்பித்தது. நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள். பூங்குழலியால் முடியவில்லை. அவன் வந்தான் என்றால், நான் கிணற்றடியில் நின்றேனே, வாசலில் நின்றேனே, ஏன் என் முகத்தைப் பார்க்காமல் போனான்? எந்த வழியாகப் போனான்?

பின்கதவைப் பார்த்தாள். அவள் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவின் ஓரத்தில், சுவரில் சாய்த்திருந்த செருப்பு இல்லை. அது இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது.

"மோனி, அந்தச் செருப்ப நீயா எடுத்த?"

"இல்லம்மா. கழுவி வெச்சதோட சரி." மோனிஷா உள்ளே வந்து அந்த ஈரத்தைக் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பிள்ளை சிரித்தாள்.

"இன்னொண்ணு அப்பா கால்லதானம்மா இருக்கு. இனிமே கால் சுடாம நடப்பாரு."